ரினாஸ் போகும் வேன்

சூரியகாந்தி விதையின் தோலை ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே ப்ரேனா ஆள் சேர்க்கிறாள். "ரினாஸ், ரினாஸ், ஏர்போர்ட்!" லேஷா ஊரின் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அவள் வேனின் முன்கண்ணாடியில், எட்டு மணிக்குப் புறப்படும் என்று ஓர் அட்டை தொங்குகிறது. எந்த நாள் எட்டு மணி என்று கேட்டவர்கள் உண்டு. "எப்பக்கா கெளம்பும்?" என்றால், "நீ ஏறினா கெளம்பும்" என்பாள். ஏறி உட்கார்ந்தபின் கேட்டால், "உன்ன மாதிரி இன்னும் மூணு பேரு வேணும்" என்பாள்.

ஐம்பத்து நான்கு வயது. அந்த வேன் வரிசையில் ஒரே பெண். ஆரம்பத்தில் மற்ற ஓட்டுநர்கள் அவள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அவரவர் மனைவி போட்ட காபியைக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அதன் பிறகு காற்று இறங்கவில்லை.

வேனுக்கு முன்பு பதினெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கண்ணாடி இல்லாத ஜன்னல்கள். வெளியிலிருந்து கல் வந்து விழும் என்பதால் குனிந்தபடியே டிக்கெட் கிழித்தவள். ஒருநாள் ரயில் நின்றது. அப்புறம் வரவே இல்லை. வருத்தமா என்று கேட்டால், "மாடே அத முந்திப் போகும். அதுக்குப் போய் எவ அழுவா?" என்கிறாள்.

கோபமெல்லாம் விமானத்தின் மேல்தான். "ஊர்ல பாதிய முழுங்கிடுச்சு, இன்னும் பசி அடங்கல." அந்தப் பாதியில் அவள் மகன் ஆந்தோனும் சேர்த்தி. இத்தாலியில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறான். அவனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மிரிகா என்ற நர்ஸ் அந்த வேனில் கடைசியாக ஏறினாள். ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை. திங்கட்கிழமை காலை நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் இடம் இன்னொருத்திக்கு. அடுத்த விமானமோ புதன்கிழமை. லாச் ஊரைத் தாண்டியதும் தர்பூசணி லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் கார்கள். வேனில் இருந்தவர்கள் இறங்கிப்போய், உடைந்த பழங்களை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தார்கள். மிரிகா மட்டும் மடியிலிருந்த பாஸ்போர்ட்டைத் தடவியபடி விசும்பிக்கொண்டிருந்தாள்.

"அழாதடி. கண்ணு வீங்கினவள ஜெர்மன்காரன் வேலைக்கு வச்சுக்க மாட்டான்" என்ற ப்ரேனா, தின்றுகொண்டிருந்தவர்களை அதட்டி ஏற்றினாள். ஸ்டியரிங்கை ஒடித்து வயலில் இறங்கி, பழைய ரயில் பாதைமேல் வண்டியை ஏற்றிவிட்டாள். சல்லிக்கல்லில் வேன் குதித்த குதியில் ஒரு பெரியவர் தன் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எந்தப் பாலம் இற்றுப்போனது, எங்கே தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுத் தின்றார்கள் என்பதெல்லாம் ப்ரேனாவுக்கு அத்துப்படி.

நாலு கிலோமீட்டர் தள்ளி, பாதை சாலையோடு சேரும் இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். இது ரயில் பாதை என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் தம்பி. பின்னாலயே ரயில் வருது, சீக்கிரம் வழி விடு."

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் வேன் சாலையில் ஏறிவிட்டது.

ரினாஸ் வந்தபோது கவுண்டர் மூட ஆறு நிமிடம் இருந்தது. கூரைமேல் கட்டியிருந்த மிரிகாவின் பெட்டியை ப்ரேனா இறக்கினாள். பெட்டி முழுக்கச் சல்லித்தூசி.

"இருடி" என்றாள். கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, தரையில் மண்டியிட்டு, பெட்டியைத் துடைத்தாள். மூலைகளைத் துடைத்தாள். சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

"அக்கா, நேரமாச்சு" என்று மிரிகா கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பெட்டி வரவில்லை, மறுபக்கம் ப்ரேனாவின் பிடியில் இருந்தது. மறுபடி இழுத்தாள். மூன்றாவது முறை இழுத்தபோதுதான் ப்ரேனா கையை எடுத்தாள்.