தொப்புள் இல்லாத மாமா

எங்கள் மாமா செத்துப்போய்விட்டார் என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது. மாமா அந்த நேரத்தில் எங்கள் ஹைதராபாத் சைனிக்புரி வீட்டுக் கொய்யாமரத்தடியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி அவர். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கலியாணம் ஆகாதவர் என்பதால் லீவு கிடைத்தால் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அப்பாவுக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கே என்ன செய்கிறார் என்று வீட்டில் மூச்சு விடமாட்டார். மாமா அப்படியில்லை. கேட்டதைச் சொல்வார், கேட்காததையும் சொல்வார். அதனால் எனக்கு மாமாவைத்தான் பிடிக்கும்.

அந்த வருஷம் வரவேண்டிய நாளுக்கு இரண்டு மாதம் பிந்தி வந்தார். கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவில் கப்பல் ரிப்பேராகி நின்றுவிட்டது என்று போனில் சொல்லியிருந்தார். ஆள் துரும்பாக இளைத்திருந்தார். அம்மா கண்ணால் பார்த்திராத கப்பல் சமையல்காரனை வாயார வைதாள். மாமா சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, பருத்திக் கயிற்றில் பின்னிய பெரிய தூளி ஒன்றை எடுத்தார். குழந்தைக்கு இல்லை, பெரியவர்கள் படுப்பதற்கு. அதைக் கொய்யாமரத்துக்கும் மதில் தூணுக்கும் நடுவே கட்டினார்.

சாயங்காலம் அதில் படுத்துக்கொண்டு அவர் கதை சொல்லுவார். நான் பக்கத்தில் நின்று ஆட்டிவிடுவேன். மேலே இலைகள் நகரும், வெயில் பொட்டுப் பொட்டாக அவர் முகத்தில் நகரும், பழுத்த கொய்யாவின் வாசனை தூக்கத்தைப்போல இறங்கும். கதையில் எது மாமா சொன்னது, எது நான் கண்டது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தத் தூளி தைனோ மக்களுடையது என்றார். கொலம்பஸ் போய் இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள். மண்ணை மேடுமேடாகக் கூட்டி மரவள்ளி நடுவார்கள். நன்றாக விளைய, மூன்று முனையுள்ள கல் ஒன்றை மேட்டுக்குள் புதைப்பார்கள். அந்தக் கல்தான் சாமி. கிழங்கைத் துருவி, விஷச்சாற்றைப் பிழிந்து கொட்டிவிட்டு ரொட்டி சுடுவார்கள். அவர்களுடைய செத்துப்போனவர்கள் எங்கேயும் போய்விடுவதில்லை. பகலில் மறைந்திருந்து, பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து கொய்யாப்பழம் தின்பார்கள். உயிரோடிருப்பவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். முகத்தைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வயிற்றைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும், தொப்புள் இருக்காது. கட்டிப் பிடித்தால் சட்டென்று மறைந்துபோவார்கள்.

இதையெல்லாம் அவருக்குச் சொன்னது பக்கத்துக் கட்டில்காரராம். லாரி ஓட்டுகிறவர், தைனோ வம்சம். வெள்ளைக்காரர்களின் வாளுக்கும் அவர்கள் கொண்டுவந்த நோய்க்கும் தைனோ மக்கள் ஒருவர் மிச்சமில்லாமல் அழிந்துபோனார்கள் என்று அவர் படித்த பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் போட்டிருந்ததாம். அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால், அவருடைய அம்மா கொல்லையில் மரவள்ளி நட்டுக்கொண்டிருப்பாளாம். “புத்தகத்துல நாங்க செத்தாச்சு, ஆனா இதப் பாருன்னு சட்டையத் தூக்கித் தொப்புளக் காட்டுதான்டி” என்று மாமா சிரித்தார். எந்தக் கட்டில் என்று நான் கேட்கவில்லை.

கேட்டது வேறு. உங்கள் தொப்புளைக் காட்டுங்கள் என்றேன். மாமாவின் சிரிப்பு நின்றது. “நக்கோ” என்று மறுத்தார், என் ஹைதராபாத் பேச்சைக் கேலி செய்வதைப்போல. பிறகு தூங்குவதாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தேன். முன்பெல்லாம் வீட்டில் லுங்கியோடு வெற்றுடம்பாகத் திரிகிறவர், இந்தத் தடவை சட்டையைக் கழற்றவே இல்லை. சோறு வைத்தால் பிசைந்து பிசைந்து ஓரமாக ஒதுக்குவார். கொய்யாப்பழத்தை மட்டும் விதையைத் துப்பிவிட்டு ஆசையாகத் தின்பார். பகலெல்லாம் அறைக்குள் கிடந்து, வெயில் தாழ்ந்ததும் மரத்தடிக்கு வருவார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எனக்கு அவரிடம் பயம் இல்லை. அவர் மறைந்துபோவார் என்பதுதான் பயம். அதனால் அவரைக் கட்டிப் பிடிப்பதை நிறுத்தினேன். ஸ்கூல் விட்டு வந்தால் ஓடிப்போய் மடியில் விழுகிறவள், இரண்டடி தள்ளியே நின்றேன். “என்னட்டி, மாமாகிட்ட வரமாட்டேங்க?” என்று ஒருநாள் கேட்டார். முகம் வாடியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் போகவில்லை.

திங்கட்கிழமை பம்பாய் போகவேண்டும், கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். இனி பொறுக்க முடியாது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிப் பிடிக்கக்கூடாது, தொடலாம். ஒற்றை விரலால் சட்டைக்கு மேலே தொட்டுப் பார்த்தேன். சமதளமாக, விறைப்பாக இருந்தது. மேலே, கீழே, இரண்டு பக்கமும் தேடினேன். குழி எங்கும் இல்லை.

அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “அம்மா, மாமாக்குத் தொப்புள் இல்ல. செத்துட்டாங்க. பரவால்லம்மா, இங்கயே இருக்கட்டும். அனுப்பாத” என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஈரக்கையோடு மரத்தடிக்கு வந்தாள். “ஏல, எந்திரி. ஒம் மருமவ ஒன்னையச் செத்தவன்னு சொல்லுதா” என்று சொல்லி, விளையாட்டாக அவர் சட்டையைத் தூக்கினாள்.

நெஞ்சுக்குக் கீழேயிருந்து இடுப்பு வரை அகலமான வெள்ளைப் பட்டி இறுக்கிச் சுற்றியிருந்தது. மாமா விழித்துக்கொண்டு அதைக் கையால் மறைக்கப் பார்த்தார். அம்மா அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். “யாருகிட்டல மறைக்க?”

“சொல்லத்தான் வந்தேன்க்கா. வாய் வரல.”

அப்பாவும் வந்து நின்றார். மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீவு ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்திருக்கிறார்கள். முழுவதும் எடுக்க முடியவில்லை. லாரிக்காரர் அந்த வார்டில் அடுத்த கட்டிலில் கிடந்தவர். பம்பாயில் போகப்போவதும் கம்பெனிக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. அம்மா தூளியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வேண்டியதை யாரும் சொல்லவில்லை. அதற்கு அடியில் தொப்புள் இருக்கிறதா என்று கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார். பட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, என் விரலைப் பிடித்து உள்ளே வைத்தார். ஒரு நீளத் தழும்பு அதைச் சுற்றி வளைந்து இறங்கியது. நடுவில் சின்னக் குழி, வெதுவெதுப்பாக.

“இருக்கா?”

“ஹவ், இருக்கு” என்றேன். அவரை இறுகக் கட்டிப் பிடித்தேன். அவர் மறையவில்லை.

பிறகு பாவாடை நிறையக் கொய்யாப்பழம் பறித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வீட்டுக்காரரான ரிட்டையர்டு மிலிட்டரிக்காரருக்கு, இஸ்திரி போடுகிறவருக்கு, எதிர்வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும் ஆளுக்கொரு பழம் கொடுத்து, எங்கள் மாமா சாகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தொப்புள் இருக்கிறது என்று நான்தான் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டேனே, இன்னும் எதற்கு அழுகிறாள்?