குஞ்சுகளுக்கு மூட்டிய தீ

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் சத்தத்தில் வளர்ந்தவள் நான். இருந்த வேலையை விட்டுவிட்டுப் பேரையூர்ப் பக்கம் கோழிப்பண்ணை போடப் போவதாக என் வீட்டுக்காரர் சொன்னபோது, "கோழிக்கும் நமக்கும் குழம்போட சரி" என்றேன். மனுஷர் கேட்டால்தானே? எதையும் பிடித்தால் உடும்புப்பிடி.

முதல் தடவை குஞ்சு இறக்கியது மார்கழியில். பொரித்த மறுநாளே வந்துசேரும் குஞ்சுகளுக்கு நல்ல சூடு வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அப்பிக்கொள்ளும். அடியில் கிடப்பது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். சூட்டுக்காகத் தாழத் தொங்கவிட்டிருந்த குண்டு பல்புகள் அன்று சாயங்காலமே அணைந்துவிட்டன. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, காலையில்தான் ஆள் வரும் என்றார்கள்.

ஷெட்டின் நடுவில் தகர டிரம்மில் செய்த விறகடுப்பு ஒன்று இருந்தது. புகை போகக் கூரைக்கு மேல் குழாயும் உண்டு. அதை மூட்டினோம். கேஸ் அடுப்பைத் திருகிப் பழகிய இரண்டு பேருக்கும் விறகைப் பற்றி என்ன தெரியும்? காய்ந்த கருவேலஞ்சுள்ளிகளை அவர் அள்ளி அள்ளித் திணித்தார். தீ திகுதிகுவென்று எரிந்தது. குஞ்சுகள் மிரண்டு ஓரத்துக்கு ஓடின. திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் சாம்பல். குஞ்சுகள் மறுபடி குவிந்தன. நான் மண்டியிட்டுக் குவியலைக் கையால் பிரித்துப் பிரித்து விட்டேன்.

"இம்புட்டு விறகையும் இப்பவே எரிச்சா, விடியிற வரைக்கும் என்னத்தப் போடுவீங்க?" என்று கத்தினேன்.

"நீ குஞ்சப் பாரு. அடுப்ப நான் பாத்துக்கிறேன்."

சீக்கிரமே சுள்ளி தீர்ந்தது. கோடாலிக்கும் பிளக்காததால் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு வேர்க்கட்டைதான் மிச்சம். வேறு வழியில்லாமல் இரண்டு பேருமாக உருட்டி வந்து கங்கின்மேல் தள்ளினோம். கொஞ்ச நேரம் புகைந்தது. அப்புறம் சுடரே இல்லாமல் சிவந்து கனன்றது. டிரம்மின் வாயைத் தகரத்தால் பாதி மூடியதும் சூடு நின்று நிதானமாக வந்தது. குஞ்சுகள் மெல்லப் பரவிப் படுத்தன. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனால் அதற்குள்ளேயே சில குஞ்சுகள் செத்திருந்தன. கைக்கு அகப்பட்டதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் துண்டில் சுற்றி மறைத்துவைத்தேன். ஆசை ஆசையாகத் தொடங்கிய மனுஷர், பார்த்தால் ஒடிந்துபோவார் என்று பயம்.

"ஒண்ணும் போகலல்ல?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"ஆமா, நானும் பாத்தேன்" என்றார்.

விடிந்தபோதும் கட்டை கனன்றுகொண்டிருந்தது. "முகங்கழுவிட்டு வாரேன்" என்று அவர் எழுந்து போனார். இதுதான் சமயமென்று துண்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே அவர் மண்வெட்டியோடு நின்றார். காலடியில் சின்னக் குழி. பக்கத்தில் சாக்கின்மேல் நாலைந்து குஞ்சுகள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, அவற்றை மறைப்பதுபோல நகர்ந்தார். பிறகு என் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினார்.