சித்தி மேகம் என்று சொன்ன இரவு

சித்தியின் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனதற்கு மேகம்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான சித்தி வானியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு சிறுகோள் குறுக்கே வந்து ஒரு நட்சத்திரத்தை ஏழு விநாடி மறைக்கப்போகிறது, எங்கள் பாடாங் மேஹாப் பக்கம்தான் தெரியும் என்று தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு எங்கள் எஸ்டேட்டுக்கே வந்துவிட்டாள். அதைப் படம் பிடித்தால்தான் அவள் ஆய்வு முடியும்.

செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த பந்துத் திடலில் தொலைநோக்கியை நிறுத்தி, வெளிக்காற்றில் ஆற விட்டாள். பிறகு நட்சத்திரத்தைப் பிடித்து, அது ஊசிமுனையாகும்வரை ஒரு திருகை இம்மி இம்மியாகத் திருப்பினாள். கேமராவுக்கும் அதே திருகுதானாம். என் தொணதொணப்பு தாங்காமல், "பாத்துக்க. கை வைக்காத லா" என்று சொல்லிவிட்டு லேப்டாப் பக்கம் போனாள்.

ஊசிமுனையாவது, மண்ணாவது. கண்ணை வைத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரிக் கிடந்தது. பாவம், சித்திக்குச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்று நானே திருகைத் திருப்பினேன். பஞ்சு சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாய் நின்றது. அப்படிக் கூர்மையாக எதையும் நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

லேப்டாப்பில் நட்சத்திரம் கலங்கி ஓட்டை வடை மாதிரி ஆகிவிட, சித்தி ஓடிவந்தாள். ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அடி விழுமுன் முந்திக்கொண்டு, பஞ்சாய்க் கிடந்ததை நான்தான் சரிசெய்தேன் என்றேன். திருகைப் பிடித்த அவள் கை அப்படியே நின்றது. வானத்தைக் காட்டினாள்.

"அங்க எப்படித் தெரியுது உனக்கு?"

"எப்பவும் போலத்தான். பஞ்சு மாதிரி."

திடலின் கோல் கம்பத்தைக் காட்டிக் கேட்டாள். பள்ளியில் கரும்பலகை தெரிகிறதா என்று கேட்டாள். தெரியாமல்தான் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறேன், அதற்குத்தான் திருட்டுக் கழுதை என்று திட்டு வாங்குகிறேன் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சித்தி திருகை விட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்து என்னை மடியில் போட்டுக்கொண்டாள். அழுது முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

வீட்டில் அம்மா ஆவலாகக் கேட்டதற்கு, "மேகம் வந்து மறைச்சிருச்சுக்கா" என்றாள். என் கண்ணைப் பற்றி மட்டும் சொல்லி, மறுவாரமே பக்கத்து டவுனான பீடோங்கில் எனக்குக் கண்ணாடி வாங்கித் தந்தாள்.

அன்று ஆமாம், ஒரே மேகம் என்று நானும் சாட்சி சொன்னேன். பொய் சொல்லவில்லை. மேகம் இல்லாத வானம் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாதே.