அல்மா பீஸ்லி திறக்காத கதவு

அல்மா பீஸ்லியை ஊரார் கான்ஸ்டபிளாகத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வேறு யாரும் அதற்கு முன்வரவில்லை. அமெரிக்காவில், வெர்மான்ட் மலைப்பக்கத்துச் சின்ன ஊரில் கான்ஸ்டபிளுக்கு என்ன வேலை? அவிழ்ந்து ஓடும் நாயைப் பிடிப்பது, ஊருக்குச் சொந்தமான கட்டிடங்களின் சாவிகளை வைத்துக்கொள்வது, அவ்வளவுதான். காலையும் மாலையும் பள்ளி வண்டி ஓட்டுவாள். மரம் வெட்டப் போன கணவன் விழுந்த மரத்தடியிலேயே போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வண்டியும் சர்ச்சும்தான் அவளுடைய உலகம். பதவி ஏற்றபோது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்தால் கர்த்தர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறவள் அவள். அந்த ஊரில் அப்படி நம்புகிறவர்கள் அதிகம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தவிர.

நியூயார்க்கில் விமானம் மோதி இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு வாஷிங்டனில் ஒரு சட்டம் வந்தது. யார் எந்தப் புத்தகம் படிக்கிறான், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாமல் பார்க்க வழி செய்த சட்டம். அதை எதிர்த்து, வருஷா வருஷம் ஊர்ப் பதவிகளுக்கு ஆள் எடுக்கும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வெண்டல் கோப்லி எழுந்தான். இரும்புக் கடைக்காரன், ஊர் நிர்வாகக் குழுவின் தலைவன்.

"நம்ம ஊர் அதிகாரி ஒருத்தரும், நீதிபதி கையெழுத்து இல்லாம எந்த வீட்டையும் திறந்து காட்டக் கூடாது! நம்ம பாட்டன்மார் இங்கிலாந்து ராஜாவுக்கே கதவைத் திறக்கல!" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எல்லோரும் "ஆம்!" என்று கத்தித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். ஓட்டைப் பாலத்தைச் சரி செய்ய வருஷா வருஷம் "இல்லை" என்று கத்துகிறவர்களும் அன்று "ஆம்" என்றார்கள். பாலத்துக்கு வரி கட்ட வேண்டும், இதற்கு வாயைத் திறந்தால் போதும். பிறகு எல்லோரும் பன்றித்தொடைக் கறியும் வேகவைத்த பீன்ஸும் ஆப்பிள் இனிப்பும் சாப்பிடப் போனார்கள். சுதந்திரத்தைக் காப்பாற்றிய வயிறு நன்றாகவே பசித்தது.

பனி உருகி ரோடெல்லாம் சேறாகக் கிடந்த நாட்களில், சேறு படாத காலணியோடு இரண்டு பேர் வந்தார்கள். வெண்டலே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். அல்மா பள்ளி வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அல்மா, இவங்க மத்திய அரசாங்கத்து ஆளுங்க. பழைய பள்ளிக்கூட மாடியைச் சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருவாங்க. சாவியை எடு."

அந்த மாடியை ஊர் வாடகைக்கு விட்டிருந்தது. செனாத் என்பவன் அதில் குடியிருந்தான். போஸ்னியாவில் சண்டைக்குத் தப்பி வந்த முஸ்லிம், கல்பட்டறையில் கல்லறைக் கல் செதுக்குகிறவன். ஊரில் செத்தவர்கள் பெயரையெல்லாம் ஓரெழுத்துப் பிசகாமல் செதுக்கினான். அவன் பெயரை மட்டும் ஊரில் ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

"செனாத் வேலைக்குப் போயிருக்கானே, வெண்டல்."

"அதனாலதானே இப்ப வந்திருக்காங்க!"

வந்தவர்களில் ஒருவன் இருமினான்.

"நீதிபதி கையெழுத்து போட்ட காகிதம் வெச்சிருக்கீங்களா, ஐயா?" என்று அல்மா கேட்டாள். குரல் அமைதியாக இருந்தது.

"கட்டிடம் ஊருடையது, மேடம். ஊர் சம்மதிச்சா காகிதம் எதுக்கு?"

அல்மா வெண்டலைப் பார்த்தாள். "மார்ச்சுல கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்ன சொன்னே?"

"ஐயோ, அதுவா? அதைக் கூட்டத்தோட கடைசியில 'இதர அலுவல்'ல தானே எடுத்துக்கிட்டோம்! அதுல எதை நிறைவேத்தினாலும் சட்டப்படி யாரையும் கட்டாது. வழக்கமே அதுதானே. ஏதோ மனசுல பட்டதைச் சொன்னோம்."

"கட்டாதுன்னு தெரிஞ்சேதான் அதுல வெச்சியா?"

வெண்டல் தன் காலணிச் சேற்றைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. நீ ஜெபம் பண்றதும் இதர அலுவல்லதானா? கர்த்தர் வந்து கேட்டா, கட்டாதுன்னு சொல்லிடலாம் பாரு."

இருமியவன் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை மறைத்தான். வெண்டலுக்கு முகம் சிவந்தது.

"அவனை உனக்கு என்ன தெரியும்? நல்லவன்னு சாட்சி சொல்லுவியா?"

"மாட்டேன். அவன் நல்லவனோ கெட்டவனோ எனக்குத் தெரியாது. தெரியாதவங்களுக்கும் சேத்துத்தானே தீர்மானம் போட்டோம்? தெரிஞ்சவங்க வீட்டை எவன் கேட்டான்?"

"அடுத்த மார்ச்சுல உன் பதவி என்ன ஆவுதுன்னு பாக்கிறேன்."

"நாய்ங்க கொண்டாடும்" என்றாள் அல்மா. சொல்லிவிட்டு இடுப்பு வளையத்திலிருந்து மாடிச் சாவியைக் கழற்றி வெண்டலிடம் நீட்டினாள். "இந்தா. நீதானே தலைவன்? நீயே போய்த் திற. நான் திறக்க மாட்டேன். திறந்தது நீதான்னு கேக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லுவேன்."

அதிகாரிகள் வெண்டலைப் பார்த்தார்கள். வெண்டல் சாவியைப் பார்த்தான். பிறகு குளிர் தாங்காதவன்போல இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். திறக்கச் சொல்ல வாய் இருந்தது, திறக்கக் கை இல்லை.

"கடையில ஆள் இல்ல" என்று முணுமுணுத்து நடந்துவிட்டான்.

வந்தவர்கள் காரின் கதவைத் திறந்தார்கள். "காகிதத்தோட வருவோம், மேடம்."

"வாங்க. அவன் வீட்ல இருக்கிறப்ப வாங்க. நானே படியேறி வந்து கதவைத் தட்டுறேன்."

அன்று வேலை விட்டதும் அல்மா பட்டறை வாசலில் நின்று செனாத்திடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அவன் தலையிலிருந்த கல்தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டான்.

"என் பேரை யாரு சொன்னது, அல்மா?"

"தெரியல."

"ஊர்க்காரங்கதானே?"

அவனே தலையசைத்துக்கொண்டான். "எங்க ஊர்லயும் மொதல்ல இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரன்தான் பேரைச் சொன்னான்."

அந்த அதிகாரிகள் திரும்பி வரவில்லை. ஆனாலும் வாரம் முடிவதற்குள் செனாத் சாமான்களைக் கட்டிக்கொண்டு பேரி நகரத்துக்குப் போய்விட்டான். மூட்டைகளை ஏற்ற அல்மா ஒருத்திதான் கை கொடுத்தாள். அதிகாரிகள் வெறுங்கையோடு போன கதையைக் கேட்டுப் பத்திரிகைக்காரன் வந்தபோது, "எங்க ஊர் வாஷிங்டனுக்கு வளைஞ்சு கொடுக்காது" என்று வெண்டல் பேட்டி கொடுத்தான். மார்பு நிமிர்ந்த படமும் வந்தது.

வெண்டல் அதை வெட்டிக் கடைச்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அல்மா நாய்ச்சங்கிலி வாங்கப் போனாள். ஏணியில் நின்றபடியே வெண்டல் சொன்னான்:

"பாத்தியா, ஓடிட்டான். ஏதோ இருந்திருக்கு. இல்லாட்டி எதுக்குப் போவான்?"

"இருந்துச்சு, வெண்டல்" என்றாள் அல்மா. "அக்கம்பக்கத்துல நீங்க எல்லாரும் இருந்தீங்க."

சங்கிலியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த ஊர்க் கடைக்கு வண்டியை விட்டாள்.