சத்தியம் கேட்காத டீச்சரம்மா

பெரம்பலூரில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தபோது, அரியலூரிலிருந்து வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் என்னைத் தேடி வந்தார். "ஏலாக்குறிச்சி டீச்சரம்மா தவறிட்டாங்க சார். சாயந்தரம் எடுக்குறாங்க" என்றார். வெற்றிலையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஞானம்மாள் டீச்சரிடம் தையல் படித்தவர்களுக்கு அவருடைய கோபம் தெரியும். தையல் கோணினால் முழுவதையும் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். மதுவிலக்குக் கமிட்டி வேலையாக அவரோடு ஊர் ஊராகப் போன நான் பார்த்தது வேறொருவரை. குடித்திருப்பவனிடம் அவர் பேச்சே எடுக்கமாட்டார். "போதையில இருக்கறவன்கிட்ட நியாயம் பேசி என்ன ஆவப்போவுது? காலையில வருவோம் சார்" என்று திரும்பிவிடுவார். காலையில் போய் மாட்டைப் பற்றியும் கடலைக் கொல்லையைப் பற்றியும் விசாரிப்பார். எனக்குப் பொறுக்காது, பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவேன். "நமக்குத் தெரிஞ்சதச் சொல்லவா அவன் வூட்டுக்கு வந்தோம்? அவன் பேசட்டும் சார்" என்று என் வாயை அடைப்பார்.

ஆனால் அவரும் தொடக்கத்தில் இப்படி இல்லை. குடிப்பவர்களைக் கூட்டத்தில் நிறுத்தி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவைப்பது அப்போது எங்கள் கமிட்டியின் வழக்கம். வண்டியோட்டி பெரியசாமி அப்படிச் சத்தியம் செய்தும் தவறியவன். இவனுக்குக் கற்பூரம் போதாது என்று, டீச்சர் அவன் கையைப் பிடித்து அவனுடைய மகள் செல்லம்மாவின் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். ஊரே கைதட்டியது.

அடுத்த திருவிழாவில் அவன் குடித்தான். சில நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. பெரியசாமி வீட்டைவிட்டு ஓடிவிட்டான். கொள்ளிடக் கரையில் அவனைக் கண்டுபிடித்தபோது, "எம் புள்ளைய நானே கொல்றேனே" என்று தலையில் அடித்துக்கொண்டான். டீச்சர் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். "ஊர்ல பாதிப் புள்ளைங்களுக்குக் காய்ச்சல். அவங்க அப்பனெல்லாம் எந்தச் சத்தியத்த மீறுனான், சொல்லு" என்றார். அவன் எங்களோடு திரும்பி வந்தான். பிள்ளை பிழைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் எழுந்து, இனி யாரிடமும் சத்தியம் வாங்கக் கூடாது என்றார். சத்தியம் இல்லாமல் எப்படித் திருத்துவது என்று தலைவர் எரிந்து விழுந்தார். "தவறுனவன் நம்மளப் பாத்து ஓடுறான். ஓடுறவன்கிட்ட எப்படிப் பேசுறது? அந்தக் கையப் புடிச்சு வச்சது நான்தான்" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை வந்தது.

அதன் பிறகு பெரியசாமி வீட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. சில மாதம் குடிக்காமல் இருப்பான், மறுபடி விழுவான். விழுந்ததை அவனே சொல்வான். எந்த நேரத்தில் மனம் தடுமாறியது, யாரோடு போனான் என்று மட்டும் டீச்சர் கேட்பார். திட்டவே மாட்டீர்களா என்று அவன் மனைவி குறைப்பட்டுக்கொண்டால், "அதான் நீ இருக்கியேம்மா" என்பார்.

இன்று சாயந்தரம் கல்லறைத் தோட்டத்துக்கு அவன் குடித்துவிட்டுத்தான் வந்தான். டீச்சரம்மா சாவுக்கே இப்படியா வருவது என்று நாலைந்து பேர் அவன் கழுத்தில் கை வைத்துத் தள்ளினார்கள். எனக்கும் ஆத்திரம்தான். ஆனாலும் போய் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "குடிச்சா குடிச்சேன்னு அவங்ககிட்டதான் சொல்லுவேன். இனிமே யார்கிட்ட சார் போய்ச் சொல்லுவேன்?"

டீச்சரின் பொறுமை எனக்கு வராது. அவர் என்னிடம் விட்டுப்போனது பெரியசாமி ஒருவனைத்தான். நாளைக் காலையில் அவன் வீட்டுக்குப் போகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவன் பேசினால் கேட்பேன்.