சிரட்டைத் தண்ணி

என் சவரக் கண்ணாடிக்குக் கீழ ஒரு தேங்காய்ச் சிரட்டை கெடக்கு. வீட்டுக்கு வாரவங்க எல்லாம் அது சவரத்துக்குத் தண்ணி வைக்கிற சிரட்டைன்னு நெனைப்பாங்க. நானும் ஆமான்னு தலையாட்டிருவேன். என் மொகரையைப் பார்த்தாலே அதுக்குப் பெருசா வேலை இல்லைன்னு தெரியும். தாடின்னு பேருக்கு நாலு மயிரு, அதுவும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக மாதிரி தள்ளித் தள்ளி நிக்கும். இருந்தாலும் அந்தப் பொய் வசதியா இருக்கு. உண்மையைச் சொன்னா சபையில ஒண்ணு என்னை விலக்கி வைப்பாங்க, இல்லேன்னா கிறுக்கன்னு சொல்லுவாங்க. ரெண்டாவதை ஏற்கெனவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க.

அது எங்க உபதேசியாரோட சிரட்டை. பாளையங்கோட்டைக்குக் கிழக்க, தாமிரபரணிக்குத் தென்கரையில எங்க ஊரு. ஐயர் இருந்தது அக்கரையில. ஐயர்னா எங்க சபையில குருப்பட்டம் வாங்கின போதகர். மாசத்துக்கு ஒருக்கா தோணியில வந்து அப்பமும் திராட்சரசமுமா ராப்போசனம் குடுப்பாரு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் குடுப்பாரு, மீன்குழம்பு நல்லாருந்தா ஒரு நாள் கூடவும் இருப்பாரு. மத்த நாளெல்லாம் சபையை மேய்க்கிறது உபதேசியார்தான். மணி அடிக்கணும், ஜெபம் நடத்தணும், புருசன் பொண்டாட்டி சண்டையை விலக்கணும், காலராவுல போனவனைத் தூக்கணும். மனுசன் பனையேறி மகன். வேதத்துல எங்க தொட்டாலும் பாராமச் சொல்லுவாரு. ஆனா ஐயர் முன்னால வந்து நின்னா மட்டும் ரெண்டு கையும் தானாப் போயி வயித்துல கட்டிக்கிடும். நான் அப்போ மிஷன் பள்ளிக்கூடத்துல சின்ன வாத்தியார். படிப்பு கொஞ்சம், தொண்டை ரொம்ப. நான் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தா அக்கரையில மாடு மிரளும்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு.

உபதேசியார் பிரசங்கம்னா அது ஆண்டவரோட அன்பைப் பத்தித்தான். எந்த வசனத்துல ஆரம்பிச்சாலும் கோழி குஞ்சுகளைச் செட்டைக்குள்ள சேர்க்கிறதுல வந்துதான் நிக்கும். கையை விரிச்சு, அங்கியைக் கோழிச் செட்டை மாதிரி ஆக்கிக் காட்டுவாரு. பிள்ளைக சிரிக்கும், அவரும் சிரிப்பாரு. கல்யாணமாகி ரொம்ப வருசம் அவருக்கே குஞ்சு இல்லாம இருந்துச்சு. பொறவு, புது ராஜா முடிசூட்டுக்குப் பள்ளிக்கூடத்துல மிட்டாய் குடுத்தாங்கல்லா, அதுக்கு முந்தி ஒரு ஐப்பசியில, உபதேசியாரம்மாவுக்கு மாசம் நிறையுமுன்னே வலி வந்து ரெட்டைப் பிள்ளை பிறந்துச்சு. ரெண்டும் ஆம்பளை. ரெண்டும் உள்ளங்கைக்குள்ள அடங்குத மாதிரி இருந்துச்சு. அழக்கூடத் தெம்பு இல்ல, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்.

பிழைக்காதுன்னு மருத்துவச்சிக்குத் தெரிஞ்சுபோச்சு. சாயங்காலம் கடைசித் தோணி அக்கரைக்குப் போகையில உபதேசியார் ஐயருக்குச் சொல்லிவிட்டாரு. ஐயர் விடியங்காட்டியும் அந்தக் கரைக்கு வந்துட்டாரு. ஆனா அதுக்குள்ள மலையில பெஞ்ச மழை அம்பாசமுத்திரத்தையும் தாண்டி இங்கன வந்து சேந்துட்டு. ஆறு செக்கச் செவேல்னு வாழை மரத்தையும் வைக்கோல் படப்பையும் உருட்டிக்கிட்டுப் போகுது. தோணிக்காரன் தோணியைக் கட்டிப்போட்டுட்டு, “ஐயரே, உமக்குப் பரலோகத்துக்கு வழி தெரியும், போயிருவீரு. எனக்கு வழி தெரியாது”ன்னு உக்காந்துட்டானாம்.

இக்கரையில நாங்க நிக்கோம். மருத்துவச்சி கையில அரிசி புடைக்கிற சுளகு. சுளகுக்குள்ள பழைய சீலையை விரிச்சு ரெண்டு பிள்ளையும் பக்கத்துல பக்கத்துல கெடக்கு. மேல ஒரு தாழங்குடை. அக்கரையில ஐயர் கறுப்புக் குடையோட ஒரு காக்கா அளவுக்குத் தெரியுதாரு. வாயை வாயைத் திறக்காரு, ஒண்ணும் கேக்கல. அப்பத்தான் உபதேசியார் என் பக்கம் திரும்பி, “லே, உனக்குத்தான் தொண்டை இருக்கே. மரத்துல ஏறு. ஐயர் சொல்லுத வார்த்தையை வாங்கி இங்கன சொல்லு. நான் தண்ணி ஊத்துதேன்”னாரு. ஆத்துக்கு மேல சாஞ்ச மாதிரி ஒரு மருத மரம் நிக்கும். என் உடம்புக்கு மரம் ஏறுதது ஒரு அற்புதம். வேற அற்புதம் எதுவும் அன்னைக்கு நடக்கல. சபைக் கிண்ணம் ஐயர் பெட்டிக்குள்ள அக்கரையில கெடந்துச்சு. உபதேசியார் படித்துறையில கெடந்த ஒரு சிரட்டையை எடுத்துக் கழுவினாரு.

ஐயர் ஒரு வார்த்தை கத்துவாரு. பாதியைக் காத்து திங்கும். நான் “கேக்கல”ன்னு கத்துவேன். திரும்பக் கத்துவாரு. வாங்கி இந்தப் பக்கம் கத்துவேன். அவரு சுருக்கமாவாவது சொல்லியிருக்கலாம். ஆனா அவரும் முறை தெரிஞ்ச மனுசன், ஜெபத்துல ஒண்ணையும் விடல. உபதேசியார் கைக்குக் கிட்டக் கெடந்த பிள்ளையைத் தூக்கினாரு. மூத்தவனுக்குன்னு நெனைச்சு வச்சிருந்த பேரைச் சொன்னாரு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு தடவை சிரட்டைத் தண்ணி விழுந்துச்சு. பிள்ளை சிணுங்குச்சு. ஐயர் விடாம அடுத்த பிள்ளைக்கு ஆரம்பிச்சுட்டாரு. நான் ஆத்தைப் பார்த்தாப்புல உக்காந்து, முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாம, வார்த்தையை வாங்கி வாங்கிக் கத்திக்கிட்டு இருக்கேன். “பேரு என்னங்காரு, பேரைச் சொல்லுங்க”ன்னு கேட்டேன். மறுபடியும், “உபதேசியாரே, பேரு”ன்னேன். திரும்பிப் பார்த்தா, மருத்துவச்சி சுளகைக் கீழ வச்சுட்டா. “இப்பத்தான்யா, வார்த்தை வந்துக்கிட்டு இருக்கையிலேயே”ன்னா. அப்புறம் உபதேசியார் கையில இருந்த பிள்ளையைப் பார்த்து, “நீங்க தூக்கினது ரெண்டாவது பிறந்ததுலா. போனதுதான் மூத்தது”ன்னு சொன்னா. அவ வெள்ளந்தியாச் சொன்னா. ஏசாவும் யாக்கோபும் யாருன்னு அவளுக்கு எங்க தெரியும்? உபதேசியாருக்குத் தெரியும்லா. வேதத்துல வார ரெட்டைப் பிள்ளைக, பிறக்குமுன்னே இளையவனை வேணும்னும் மூத்தவனை வேண்டாம்னும் ஆண்டவர் வச்ச கதை. அவரு முகத்துல ரத்தம் வத்துனதை மரத்து மேல இருந்தே பார்த்தேன். அக்கரையில ஐயர் இன்னும் பேரைக் கேட்டுக்கிட்டே நிக்காரு.

மறுநாள் தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் ஐயர் வந்தாரு. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு அடக்க ஆராதனை கிடையாது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளேயும் இடம் கிடையாது. “முறை அப்படி இருக்கு உபதேசியாரே, என் மனசு அப்படி இல்ல”ன்னு ஐயர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. சுவருக்கு வெளிய குழி வெட்டினோம். ஐயர் புஸ்தகத்தைத் திறக்காம, குடையை மடக்கிட்டு மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. அவரால முடிஞ்சது அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்ச பொறவு பைய கேட்டாரு: “உயிர் போற நேரத்துல யாரும் ஞானஸ்நானம் குடுக்கலாமே, உமக்குத் தெரியாதா?”

“தெரியும் ஐயரே.”

“பொறவு ஏன் எனக்காகக் காத்திருந்தீரு?”

உபதேசியார் கை ரெண்டும் வயித்துல கட்டிக்கிட்டுச்சு. “என் வாய் போதுமான்னு நெனைச்சேன் ஐயரே”ன்னாரு.

அந்தப் பதிலை நான் இன்னும் மென்னுக்கிட்டு இருக்கேன், முழுங்க முடியல.

அதுக்குப் பொறவு எங்க சபையில கோழியும் இல்ல, குஞ்சும் இல்ல. உபதேசியார் பழைய ஏற்பாட்டுல வார ஆசரிப்புக் கூடாரத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ணினாரு. திரைக்கு எத்தனை கொளுத்து, தூணுக்கு எத்தனை பாதம். சபை தூங்குச்சு. தச்சனுக்கு மட்டும் உபயோகமா இருந்திருக்கும், அவன் சிவன் கோயிலுக்குப் போறவன். ராப்போசனத்துக்கு முந்தின நாள் எல்லாரும் உபதேசியார்கிட்ட வந்து பேர் குடுப்பாங்க. பேர் குடுத்தவங்களுக்குத்தான் அப்பம். எல்லார் பேரையும் ஐயருக்குச் சொல்லுவாரு, தன் பேரை மட்டும் சொல்ல மாட்டாரு. இதெல்லாங்கூடப் பெருசில்ல. பிழைச்ச பிள்ளை தவழ்ந்துச்சு, நடந்துச்சு, அப்பான்னுச்சு. அவரு அதைத் தூக்கவே இல்ல. கிட்ட வந்தா தலையைத் தடவுவாரு, கையை முதுகுக்குப் பின்னால கொண்டுபோயிருவாரு.

ஒரு நாள் நானும் அவரும் ஆத்து மணல்ல உக்காந்திருக்கையில நான் என் கோமாளித்தனத்தைக் காட்டினேன். “அண்ணாச்சி, எல்லாம் முன்குறிச்சதுதானே? அப்ப நேத்து எங்க வீட்டுக் கருவாட்டைப் பூனை தின்னதும் உலகம் உண்டாகுமுன்னே தீர்மானிச்சதா?”ன்னேன். சிரிப்பாருன்னு பார்த்தேன்.

“லே, கேளு”ன்னாரு. “எல்லாம் அவரு முன்குறிச்சதுன்னா, அந்தப் பிள்ளை கண்ணைத் திறக்குமுன்னே அவரு வேண்டாம்னுட்டாரு. அப்படிப்பட்டவரை நான் எப்படி அன்புன்னு சொல்ல? இல்ல, மனுசன் இஷ்டம்தான்னா, நான்தான் காத்துக்கிட்டு நின்னேன், நான்தான் கிட்டக் கெடந்ததைத் தூக்கினேன். இந்தப் பக்கம் போனா ஆண்டவர் நிக்காரு, அந்தப் பக்கம் போனா நான் நிக்கேன். ரெண்டு பேரு முகத்துலயும் என்னால முழிக்க முடியல. மூணாவது வாசல் இருந்தாச் சொல்லு.”

என்கிட்ட ஏது வாசல்? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வாய்ப்பாடுதான். பக்கத்துல துணி அலசிக்கிட்டு இருந்த மருத்துவச்சி தலையைத் தூக்கினா. “எங்க சுடலைமாடன் எம்புட்டுக் கோவக்காரன். அவனே பச்சைப் பிள்ளைக்கிட்ட மல்லுக்கு நிக்க மாட்டான். உங்க சாமி ஒரு சிரட்டைத் தண்ணிக்காகவா பிள்ளையை வெளிய நிறுத்துவாரு?”ன்னா. அவ போன பொறவு உபதேசியார் பைய சொன்னாரு, “அதாம்லே என் பயமே. அவ சுடலையை விட என் ஆண்டவர் குறைஞ்சவராயிருவாரோன்னு.” இப்படிச் சொன்ன மனுசன் மறுநாள் காலையில நேரத்துக்கு எழுந்து கோயில் மணி அடிச்சாரு. அடிச்சுத்தானே ஆகணும்.

சிரட்டையை அவரு தூரப் போடலைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. சாயங்காலம் ஆத்துல தண்ணி மொண்டுக்கிட்டுச் சுவருக்கு வெளிய போவாரு, அந்த மண்ணு மேல ஊத்துவாரு. செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் இல்லைன்னு சபைக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். யாராவது கேட்டா என்ன சொல்லன்னு அங்கன ஒரு பூவரசங்கம்பை நட்டு வச்சுட்டாரு. கேட்டா, செடிக்குத் தண்ணி. பூவரசு ஒரு பாவி மரம், ஒடிச்சு நட்டா ஒட்டிக்கிடும், தண்ணியே வேண்டாம். அடைமழையிலயும் போயி ஊத்துவாரு. “உபதேசியார் மழைக்கே தண்ணி காட்டுதாரு”ன்னு பொம்பளைக சிரிச்சாங்க. ஒரு தடவை ஐயரும் அந்தப் பக்கம் வந்துட்டாரு. பார்த்தாரு. குடையைச் சரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டு, வந்த வழியே திரும்பிட்டாரு. வெயிலும் இல்ல, மழையும் இல்ல.

ஜெர்மன் சண்டை நடந்துக்கிட்டு இருக்கையில உபதேசியாருக்கு மாத்தல் வந்துச்சு. புன்னக்காயல் போற வழியில செம்மணல் தேரிக்காட்டுல ஒரு சபை. வண்டி கட்டி நின்னாச்சு, சாமானெல்லாம் ஏத்தியாச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டு அங்கிக்குள்ள இருந்து சிரட்டையை எடுத்தாரு.

“நீ ஊத்துவியாலே?”

“ஊத்துதேன் அண்ணாச்சி. என்ன வார்த்தை சொல்லணும்?”

“வார்த்தை வேண்டாம். வார்த்தைக்குத்தானே காத்துக் கெடந்தேன். தண்ணி மட்டும் ஊத்து.”

சிரட்டையைக் குடுத்த பொறவு அவருக்குக் கையை என்ன செய்யன்னு தெரியல. ரெண்டு கையையும் புதுசா முளைச்ச மாதிரி பார்த்தாரு. வண்டிக்குப் பக்கத்துல பையன் நின்னான். அப்போ அவன் நெடுநெடுன்னு வளந்துட்டான், தானே ஏறிக்கிடுவான். உபதேசியார் குனிஞ்சு அவனைத் தூக்கினாரு. தூக்கிப் பழகாத கை. பையனுக்கு வெக்கம், காலு ரெண்டும் அவரு முழங்காலுக்குக் கீழ தொங்குது. வண்டியில உக்காரவும் வைக்கல, கீழ விடவும் இல்ல, அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னாரு. வண்டிக்காரன் “நேரமாவுதுய்யா”ன்னு சொல்லுத வரைக்கும்.

சண்டை முடிஞ்ச சமயம் அந்த விஷக் காய்ச்சல் வந்துச்சு. எங்க கல்லறைத் தோட்டம் நிரம்பிப்போச்சு. கிழக்குச் சுவரை இடிச்சுத் தள்ளிக் கட்டலாம்னாங்க. கொத்தனார் ஒரு முனைக்கு முளை அடிச்சுட்டு, மறுமுனைக்குக் கயிறு கட்ட இடம் பார்த்தான். அங்கன வாகா நின்னது பூவரசுதான். நல்ல மரமா நிக்கு, வெட்டுவானேன்னு மரத்தை உள்ள விட்டுச் சுவரை எழுப்பிட்டான். பிள்ளை உள்ள வந்துட்டான். யாரும் ஜெபம் பண்ணல, யாரும் தீர்மானம் போடல. யாரு செஞ்சதுன்னு சொல்ல? கொத்தனாரா? பொய்க்கு ஒரு கம்பை நட்ட உபதேசியாரா? உலகம் உண்டாகுமுன்னே கயிறு பிடிச்சவரா? இதைச் சொல்லிட்டு வரணும்னு தேரிக்காட்டுக்குக் கெளம்பினேன். போறதுக்கு முன்னாலேயே ஆள் வந்துட்டு. அதே காய்ச்சல்தான். உபதேசியாரை அங்கனேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம், முழு ஆராதனையோட.

பிள்ளை உள்ள வந்த பொறவு இனி எதுக்குத் தண்ணின்னு எனக்கும் தோணும். இன்னைக்குப் போக வேண்டாம்னு தீர்மானமா உக்காருவேன். அது என் இஷ்டம். கொஞ்ச நேரத்துல பார்த்தா கால் செருப்பைத் தேடும். அது யாரு இஷ்டம்னு தெரியல. வேதம் படிச்சவங்க யாராவது சொன்னா கேட்டுக்கிடுதேன்.

சிரட்டையில ஒரு கீறல் விழுந்துட்டு. ஆத்துல மொண்டா, மரத்துக்குப் போய்ச் சேருமுன்னே பாதி ஒழுகிருது. அதனால இப்பல்லாம், இந்தத் தொப்பையைத் தூக்கிக்கிட்டு, கொஞ்சம் வெரசலா நடக்கேன்.