கிரேன் மாமா தோற்ற பந்தயம்

என் கைப்பேசியில் 'கிரேன் மாமா' என்று பெயர் வந்தால் நான் ஹலோ சொன்னதே கிடையாது. "வணக்கம், திருவள்ளூர் ரயில் நிலைய விசாரணை. எந்த வண்டி வேண்டும்?" என்பேன். "கும்முடிப்பூண்டிக்கு நேர் வண்டி கீதா மேடம்?" என்பார் அவர். "கிடையாது. பேசின் பிரிட்ஜில் இறங்கி, அழுதுவிட்டு, வண்டி மாறவும்." இப்படித்தான் எங்கள் பேச்சு தொடங்கும். அன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் அதையே சொன்னேன். மறுமுனையில் யாரும் வண்டி கேட்கவில்லை. அத்தையின் குரல் வந்தது. "மாமா போய்ட்டார்டி."

படத்திறப்பன்று வாசிக்க இதை எழுதச் சொன்னதும் அத்தைதான். "அழற மாதிரி எழுதாத. அவருக்குப் புடிக்காது" என்றார். அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. "ரெண்டு ஊட்டு சேட்டையும் நீ ஒருத்தியே செய்யணும், கஷ்டம்தான்" என்று மாமா என்மேல் இரக்கப்படுவார்.

இரும்பு மில்லில் அவரோடு வேலை பார்த்த அண்ணன்களுக்கு அந்த ஆயுத பூஜை நினைவிருக்கும். குடும்பங்களை உள்ளே விட்டிருந்தார்கள். கூரையை ஒட்டிய கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்த மாமா, இரும்புக் கட்டிகளைத் தூக்கும் அந்த ராட்சதக் கொக்கியை மெதுவாக இறக்கி, சரியாக என் மூக்குக்கு நேரே நிறுத்தினார். கொக்கியில் ஒரு பொட்டலம் பொரி. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். சூப்பர்வைசர் மட்டும் தட்டவில்லை. "பொரியத்தான் தூக்கினேன் சார், அதுக்கு ஏன் பொரியிறீங்க?" என்று மேலிருந்தே கேட்டார் மாமா.

பிறகு அவர் குடலில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிக்குச் சாயம் போட்டு, சில புரதங்கள் இருக்கின்றனவா என்று தேடினார்கள். செல் தன்னை நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துகிற புரதங்கள் அவை. நான்கில் இரண்டைக் காணவில்லை. மருத்துவர் சொன்னதை மாமா எங்களுக்கு மில் பாஷையில் சொன்னார். "குவாலிட்டி செக்கிங்ல நாலு பேரு. ரெண்டு பேரு டூட்டிக்கே வர்ல. அந்த ரெண்டும் ஜோடியாத்தான் லீவு போடுமாம்."

"அப்போ புரதம் விரதம்" என்றேன். சிரித்ததில் தையல் வலித்து, என்னைத் திட்டிக்கொண்டே மறுபடி சிரித்தார்.

இல்லை என்பது இங்கே ஒருவகையில் நல்ல செய்தி. இந்தப் புரதங்கள் இல்லாத கட்டி, பரவும் முன் பிடிபட்டால், மற்றவற்றைவிடக் குறைவாகவே திரும்பி வரும் என்றார் மருத்துவர். உறுதியா என்று அத்தை கேட்டார். ஒரே ஆளைப் பார்த்துச் சொல்வதில்லை, இதே நோய் வந்த பலரைப் பார்த்துச் சொல்வது என்று பதில் வந்தது. மாமாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "மழ வராதுன்னு டிவில சொல்றா மாதிரி. நம்ம தெருவுல மட்டும் பேஞ்சா அவன இன்னா கேக்க முடியும்?"

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் குறை ரத்த உறவில் வரக்கூடும். கூடப் பிறந்தவர்களும் குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தாத்தா இளம் வயதில் வயிற்று வலியில் போனவர். என்ன வலி என்று அன்று யாரும் பார்க்கவில்லை. "எங்கப்பன் ஒரு சென்ட் நெலம் வெச்சிட்டுப் போவல. இத்த மட்டும் பங்கு வெச்சிகிறான்" என்றார் மாமா. அந்தப் பங்கைக் கேட்க வேண்டியவர் ஒருவர்தான். மாமாவின் ஒரே தங்கை, என் அம்மா.

அம்மா மாட்டேன் என்றார். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை அது. "கோலனோஸ்கோப்பி" என்று நான் வாயெடுத்தாலே, "கோலமும் வேணாம், ஸ்கோப்பும் வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல, வெக்கங்கெட்ட வேல" என்று அடுப்படிக்குள் போய்விடுவார். மாமா சண்டை போடவில்லை. தினமும் போனில் "இன்னா பாப்பா, போனியா?" என்று மட்டும் கேட்பார். அம்மா பேச்சை மாற்றுவார். எனக்குத்தான் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு ஜோக் அதிகமாக வரும். அந்த மாதங்களில் வீட்டில் யாராலும் என்னைத் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் மதியம் பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து மாமா வந்து நின்றார். கையில் இரண்டு பெரிய பாட்டில்கள். மறுநாள் சென்னை ஆஸ்பத்திரியில் அவருக்கு மறுபரிசோதனை. கூடவே தங்கை பெயரையும் பதிந்துவிட்டு வந்திருந்தார். குழாய் விட்டுப் பார்க்கும் முன் குடலைக் கழுவக் குடிக்கும் மருந்துத் தண்ணீர்தான் அந்த பாட்டில்களில்.

"சின்ன வயசுல சோடா பந்தயத்துல என்னிக்காச்சும் என்ன ஜெயிச்சிருக்கியா?"

"நீ ஏமாத்துவ."

"இன்னிக்கு முடியாது. அம்பயர் கீறா" என்று என்னைக் காட்டினார். அம்மா அசையவில்லை. மாமா குரலை இறக்கினார். "போன தபா நான் மட்டும் தனியா குடிச்சேன் பாப்பா. பேஜாரா இருந்திச்சி. இந்த தபா நீ கூட உக்காரேன்."

அம்மா ஒரு டம்ளர் எடுத்து வந்து உட்கார்ந்தார்.

நான் விசில் ஊதினேன். எங்கள் வீட்டில் கழிப்பறை ஒன்றே ஒன்று. முதல் சுற்று முடிவதற்குள் அதன் அரசியல் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் மாமாதான் விட்டுக்கொடுத்துவிட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு மேரி அக்காவிடம் ஓடினார்.

"இன்னாண்ணே, மறுபடியுமா?"

"இன்னாமா பண்றது, என் தங்கச்சி ரூமுக்கு பட்டா வாங்கிட்டா."

அம்மா கடைசி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டியபோது மாமாவின் பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது. "தோத்துட்டியாண்ணா!" என்று அம்மா கைகொட்டினார். அம்பயருக்குத் தெரியும். அம்மாவின் டம்ளர் ஒவ்வொரு முறை கீழே இறங்கிய பிறகுதான் மாமா ஒரு வாய் குடித்தார்.

மறுநாள் மாமாவின் குடலில் ஒன்றும் இல்லை. அம்மாவின் குடலில் ஒரு சின்ன முளை இருந்தது. புற்றாக மாறுவதற்கு முன்பிருந்த அதை அங்கேயே எடுத்துவிட்டார்கள். வெளியே பெஞ்சில் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "தோத்ததுக்கா மாமா அழறீங்க?" என்று கேட்டேன். "ஆமா மருமவளே. இப்டி ஒரு தோல்வி எனுக்கு கெடச்சதே இல்ல."

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் கட்டி கல்லீரலில் திரும்பி வந்தது. குறைவாகத்தான் திரும்பும் என்றார்களே, அந்தக் குறைவில் எங்கள் மாமாவா என்று எனக்குக் கோபம். படுக்கையருகே நின்று, "அந்தப் புரதத்துக்கெல்லாம் முட்டை மார்க்குதான் மாமா" என்றேன். "எனுக்கு சொன்னது தப்பாச்சி. பாப்பாவுக்கு சொன்னது கரெக்டு ஆச்சே. பாதி மார்க்கு குடு" என்றார். குடுத்தேன். எனக்குப் பெரிய மனசு.

அம்மாவின் ரத்தத்தில் அதே குறை இருப்பது பிறகு தெரிந்தது. எனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பதினெட்டு முடிந்ததும் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். கூட வருவதாகச் சொல்லியிருந்தவர் மாமா.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கொக்கியில் தொங்கிய பொரியை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து அதே கசப்பை ஒவ்வொரு வாயாகக் குடித்ததைத்தான். அதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

போன வாரம் கைப்பேசியில் மறுபடி 'கிரேன் மாமா' என்று வந்தது. அவர் போனை இப்போது அத்தைதான் வைத்திருக்கிறார். "ஹலோ அத்தை" என்றேன்.

"இன்னாடி ஹலோ? ஸ்டேஷன மூடிட்டியா? ஒழுங்கா சொல்லு."

விசாரணைக் குரலை எடுத்துக்கொண்டேன். "வணக்கம். திருவள்ளூர் ரயில் நிலைய விசாரணை. எந்த வண்டி வேண்டும்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு பேரு. உனக்குப் பதினெட்டு முடிஞ்சி நீ ரத்தம் குடுக்குற அன்னிக்கே நானும் சுகர் டெஸ்ட்டுக்குக் குத்திக்கறேன். பேசின் பிரிட்ஜ்ல நிப்பேன். அழாம எறங்கு."